நீ பேசாமல் குடித்த ஒயின்

நல்லெண்ணெய் தீர்ந்துவிட்டதென்று இன்று காலை அந்தக் கரும்பச்சைப் புட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன், அண்ணே. முக்கால்வாசி கிழிந்த லேபிளில் எழுபது என்ற வருஷம் மட்டும் இன்னும் தெரிகிறது. அது என் கல்யாண வருஷம்.

மில் தறிக்காரரை நானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டேன் என்று, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த நீ அங்கிருந்தபடியே உறவை அறுத்துவிட்டாய். யார் தப்பும் உனக்குப் பொறுக்காது. சோற்றில் ஒரு கல் கிடந்தாலும் தட்டைத் தள்ளிவிட்டு, "தப்பைக் கண்டா சொல்லணும்" என்பாய். பென்ஷனோடு புதுச்சேரிக்குத் திரும்பிய பிறகும் இரண்டு வருஷம் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. நானும் உன் தங்கைதானே, நானும் வரவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினாய். பதின்மூன்று வருஷம் கழித்து! இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்த புட்டியை என்னிடம் நீட்டினாய். வாங்கிக்கொண்டேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் அடியில் மண்டி தங்கியிருந்தது. இருமல் மருந்தைக் குலுக்குவதுபோல நன்றாகக் கலங்கும்வரை குலுக்கினேன். நீ பதறிக் கை நீட்டினாய், வாயைத் திறந்தாய். போச்சு, மறுபடியும் சண்டைதான் என்று பயந்தேன். கையை இறக்கிக்கொண்டு, "பசிக்குது, சோறு போடும்மா" என்றாய்.

அன்றைக்கு வஞ்சிர மீன் குழம்பு, புளி தூக்கலாக. கலங்கின ஒயினை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். நானும் ஒரு வாய் குடித்து முகம் சுளித்தேன். இதையா பிரான்சிலிருந்து சுமந்து வந்தாய் என்று கேலி செய்தேன். என் வீட்டுக்காரரும் சிரித்தார். நீ டம்ளரைக் காலி செய்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது" என்றாய். எங்கண்ணன் கொண்டுவந்தது புளித்த தண்ணீர் என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தேன், பாவி.

எட்டே மாதத்தில் மாரடைப்பில் போய்விட்டாய். காரியத்துக்கு வந்த உன் பட்டாளத்து சிநேகிதர், என் அடுப்படியில் அந்தப் புட்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அவர்தான் எல்லாம் சொன்னார். என்னைத் திட்டித் தீர்த்த நீயே, என் கல்யாண வருஷத்துத் திராட்சையில் செய்த, பிரான்சின் பொர்தோ ஊர் ஒயினைத் தேடி வாங்கினாயாம். பத்து வருஷமாவது கிடந்தால்தான் பதமாகும் என்று, இங்கே தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈர மணலில் படுக்க வைத்திருந்தாயாம். மண்டி இறங்குவதற்காக முந்தின நாளே நிமிர்த்தி வைத்தாயாம். ஆடாமல் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டுமாம். புளியும் காரமும் அதற்கு ஆகாதாம், லேசாக மிளகு தூவி வாட்டிய ஆட்டுக்கறிதான் ஏற்றதாம். ரிக்‌ஷாக்காரரை மெதுவாகப் போ, மெதுவாகப் போ என்று வழியெல்லாம் படுத்தினாயாம். ஏன் திடீரென்று கிளம்பினாய் என்று சிநேகிதர் கேட்டதற்கு நீ சொன்னது இது: "இதுக்கு மேல வெச்சிருந்தா கெட்டுப்போயிடும்டா."

அன்று இரவு முழுக்க அழுதேன், அண்ணே. ஒரு தப்பையும் சும்மா விடாத நீ, இத்தனை வருஷம் காத்த ஒயினை உன் கண்ணெதிரே நான் பாழாக்கியபோது ஒரு சொல் சொல்லவில்லை.

எனக்கும் உன் குணம்தான், லேசில் போகாது. தப்பைக் கண்டும் வாயை அடக்க, பத்துத் தடவையில் இரண்டு தடவைதான் என்னால் முடிகிறது. இன்று மத்தியானம் மருமகள் ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டாள். வாய்வரைக்கும் வந்தது. கவிழ்த்து வைத்த புட்டியைப் பார்த்தேன். "நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லி, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டேன்.