முழு பீமில் நாற்பது நிமிடம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று பீம் ஏழு முறை விழுந்தது. நான்கு நிமிடம், பதினொன்று, இரண்டு, பதினேழு, ஆறு, ஒன்பது, மறுபடி நான்கு. எனக்கு வேண்டியது நாற்பது. தொடர்ந்து, முழு பீமில், நடுவில் அறுந்துபோகாமல்.

மாலையில் அக்கா போன் செய்தாள். குரலைக் கேட்டதும் என்ன ஆச்சு என்றாள். சொன்னேன். எங்கள் உலை தானாக எரியாது. முடுக்கியிலிருந்து பீம், அதாவது துகள் கற்றை, வந்து மோதிக்கொண்டே இருந்தால்தான் உள்ளே நியூட்ரான் பெருகும், பீம் நின்றால் அதுவும் அடங்கிவிடும், ஊதுவதை நிறுத்தினால் அணைந்துபோகிற விறகடுப்பு மாதிரி என்றேன். முடுக்கி என்றால் என்ன என்றாள். ஆக்சிலரேட்டர் என்றேன். "கால வச்சு அழுத்த வேண்டியதுதானேடி, அதுக்கு ஏன் இவ்வளவு அழுகை" என்கிறாள். சிரித்துத் தொலைத்தேன்.

சிரிக்கிற விஷயமில்லை. எரிபொருள் கடன் வாங்கியது. இருபத்தெட்டாம் தேதி லாரி வந்து எடுத்துக்கொண்டு போய்விடும். நான்கு நிரப்புகள் திட்டம். ஒவ்வொன்றிலும் முந்தியதைவிட அதிக எரிபொருள் கம்பிகள், தானாக எரியும் எல்லைக்கு இன்னும் கொஞ்சம் அருகில். எவ்வளவு அருகில் என்பதை எங்கள் முறையால் அளந்து சொல்ல முடியுமா? பதினோரு வருடமாக இது ஒன்றுதான் என் கேள்வி. மூன்றில் முடிந்தது. ஆனால் நிஜ உலை ஒன்று கட்டினால் அது ஓடப்போவது நான்காவதைப் போன்ற நிலையில். அது அளக்கப்படாவிட்டால் முதல் மூன்றும் ஒத்திகைதான்.

இருபத்து நான்கு நாள் இருக்கிறது. நாற்பது நிமிடம் கிடைக்காமலா போகும்?

மார்ச் 6, வியாழன்

பீம்காரர் மேலே வந்தார். முடுக்கிப் பிரிவின் பொறுப்பாளர். இருபது வருடமாக எல்லோருக்கும் அவர் பீம்காரர்தான். என் மேசையில் ஒரு தாளை வைத்து, "மேடம், எங்க பக்கம் எல்லாம் சுத்தமா இருக்கு. உங்க பக்கத்துலேருந்துதான் அனுமதி போகுது" என்றார்.

உலையிலிருந்து முடுக்கிக்கு ஒரு மின்கம்பி போகிறது. நியூட்ரான் எண்ணிக்கை வரம்பைத் தாண்டினால் அந்தக் கம்பியில் அனுமதி அறுந்து, பீம் நின்றுவிடும். பாதுகாப்புக்காக வைத்தது. அவர் பதிவில் "அனுமதி போனது" என்று இருக்கிறது. என் பதிவில் "பீம் போனது" என்று இருக்கிறது. பீம் நின்றாலும் அனுமதி தானாகப் போகும், அனுமதி போனாலும் பீம் நிற்கும். எது முதலில்? இரண்டு கணினிகளின் கடிகாரமும் ஒத்துப்போவதில்லை. ஒருபோதும் ஒத்துப்போனதில்லை.

அனுமதிக் கம்பியையும் பீம் அளவைக் காட்டும் கம்பியையும் ஒரே பதிவுக் கருவியில் மாட்டிப் பார்க்கலாம் என்றார். அதற்குப் பாதுகாப்புப் பலகையைத் திறக்க வேண்டும். திறந்தால் சோதித்து முத்திரை வைக்க இரண்டு நாள் ஓட்டம் கிடையாது. "அந்த ரெண்டு நாளை யார் சார் எனக்குத் திருப்பித் தருவாங்க?" என்று கேட்டேன். தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 7, வெள்ளி

ஐந்து முறை. அதிகபட்சம் பதிமூன்று நிமிடம்.

மார்ச் 11, செவ்வாய்

பீம்காரர் மாட்டிக்கொண்டார்!

இன்று பாதி பீமில் ஓட்டச் சொன்னேன். ஐம்பது நிமிடம் அசையாமல் நின்றது. நானே போதும் என்று நிறுத்தினேன். முழு பீமுக்குப் போனோம், எட்டாவது நிமிடம் விழுந்தது. மறுபடி பாதி, நின்றது. மறுபடி முழுசு, விழுந்தது. சுமை ஏறினால் அவருடைய இயந்திரத்துக்கு மூச்சு வாங்குகிறது, வேறென்ன? இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

பாதி பீமிலேயே அளந்துகொள்ளலாமே என்றார் எங்கள் உலைப் பிரிவின் தலைவர். எப்படி? ஓரத்தில் இருக்கும் நியூட்ரான் எண்ணும் குழாய்களுக்கு அது போதாது, இரைச்சலில் மூழ்கிவிடும். முதல் மூன்றையும் முழு பீமில் அளந்துவிட்டு நான்காவதை மட்டும் அரைகுறையாக அளந்தால் எதை எதனோடு ஒப்பிடுவது?

தலைவர் முடுக்கிப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கொஞ்சம் காரமாகவே. நானும் இரண்டு வரி சேர்த்தேன்.

மார்ச் 14, வெள்ளி

பீம்காரர் மின்வழங்கியை மாற்றினார். பயனில்லை. குளிர்நீர்க் குழாயைப் பிரித்துச் சுத்தம் செய்தார். பயனில்லை. கண்ணெல்லாம் சிவந்துபோயிருக்கிறது மனிதருக்கு. பதிவுக் கருவியைப் பற்றி மறுபடி கேட்டார். "முதல்ல உங்க வீட்டைச் சரி பண்ணுங்க சார்" என்று சொல்லிவிட்டேன்.

சொல்லியிருக்க வேண்டாம்.

மார்ச் 18, செவ்வாய்

முப்பத்தேழு நிமிடம்!

முப்பது தாண்டியதும் எல்லோர் கண்ணும் திரைமேல். தேநீர் கொண்டுவந்த அம்மாகூடத் தட்டை வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். முப்பத்தைந்து. என் விரல் நகம் ஒன்றுகூட மிச்சமில்லை. முப்பத்தாறு. முப்பத்தேழு — கோடு பொத்தென்று விழுந்தது.

நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். மூணு நிமிஷம். மூணே மூணு நிமிஷம் நின்னா என்ன கொறஞ்சா போயிடும் அந்தப் பாழாப்போன மெஷினுக்கு?

மூன்று நிமிடம் குறைந்தால் விட்டுவிடக் கூடாதா என்று வீட்டில் கணவர் கேட்டார். பல் மருத்துவர், அவருக்கு எல்லாமே ஒரு பல்லை வைத்துத்தான் புரியும். "பாதி பிடுங்கிட்டு மீதியை விட்டுடுவீங்களா?" என்றேன். "சில சமயம் அப்படித்தான் விட வேண்டியிருக்கும், வேர் வராது" என்றார்.

மார்ச் 21, வெள்ளி

நடைபாதையில் எல்லோர் முன்னாலும் சண்டை. என் குரல்தான் மேலே போனது. எனக்கே கேட்டது. பீம்காரர் கத்தவில்லை. "மூணாவது தடவை கேக்கறேன் மேடம். பலகையைத் திறங்க. தப்பு என்னோடதுன்னா நானே எழுதிக் கொடுத்துடறேன்" என்றார். ஏழு நாள் இருந்தது. இரண்டைக் கொடுத்தால் ஐந்து. முப்பத்தேழு வந்த இயந்திரம் ஐந்து நாளில் நாற்பது வரும், ஏழு நாளில் நிச்சயம் வரும் — இப்படித்தான் கணக்குப் போட்டேன். சூதாடுகிறவர்கள் போடுகிற கணக்கு. தெரிந்தே போட்டேன்.

தலைவர் என் பக்கம் பேசினார். பீம்காரர் கீழே இறங்கிப் போனார்.

மார்ச் 25, செவ்வாய்

ஒன்பது முறை. அதிகபட்சம் பத்தொன்பது.

உள்ளே போய் ஒவ்வொரு குழாயின் இணைப்பையும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. செய்வதற்கு வேறு ஒன்றுமில்லை. உட்கார்ந்து பார்க்கலாம், அவ்வளவுதான். இத்தனை படித்து, இத்தனை வருடம் வேலை பார்த்து, கடைசியில் ஒரு கோடு விழாமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ச் 27, வியாழன்

கடைசி நாள். பதினான்கு முறை முயன்றோம். அதிகபட்சம் இருபத்தாறு.

நான்கு மணிக்குத் தலைவர் வந்து தோளைத் தொட்டார். போதும்மா என்றார்.

மார்ச் 28, வெள்ளி

லாரி வந்தது. எரிபொருள் கம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து எண் சரிபார்த்துப் பெட்டியில் வைத்தார்கள். நல்ல நேர்த்தியான ஆட்கள். ஒருவர் என்னிடம், "எல்லாம் முடிஞ்சுதா மேடம் உங்க வேலை?" என்று மரியாதைக்குக் கேட்டார். முடிஞ்சுது என்றேன்.

ஏப்ரல் 2, புதன்

தலைவரின் அறிக்கை மேலிடத்துக்குப் போய்விட்டது. "முடுக்கியின் நிலையின்மை காரணமாக நான்காம் நிரப்பின் அளவீடு நிறைவேறவில்லை." பீம்காரருக்கு மாற்றல் உத்தரவு என்று கேள்வி.

இன்று அவர் அனுமதி வாங்கி, காலி உலைக்குள் முழு பீமை விட்டார். காலை பத்து மணிக்குத் தொடங்கினார். நான் போய்ப் பார்க்கவில்லை. பதினொன்றுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணிக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான்கு மணிக்கு அவரே நிறுத்தினார். ஆறு மணி நேரம். ஒரு தடவைகூட விழவில்லை.

"காலி உலையில நிக்கறது என்ன பெரிய விஷயம்" என்றார் தலைவர். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். ஆனால் அறைக்கு வந்ததும் யோசித்தேன். பீமுக்கு உலை காலியா நிறைந்ததா என்று தெரியாது. அதன் சுமை இரண்டிலும் ஒன்றுதான். அப்படியானால் மாறியது எது? உலையில் எரிபொருள் இல்லை. எரிபொருள் இல்லையென்றால் எண்ணிக்கை இல்லை. எண்ணிக்கை இல்லையென்றால் —

நாளை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 3, வியாழன்

பார்த்தேன்.

வரம்பு வைக்கும் பெட்டிகள் இரண்டு. ஒன்று மேலே, கட்டுப்பாட்டு அறையில். இன்னொன்று உள்ளே, உலைக்குப் பக்கத்தில். பீம் ஓடும்போது அங்கே யாரும் போக முடியாது, அதன் விளக்கு மினுக்கினாலும் பார்க்க ஆளில்லை. இரண்டில் எது தாண்டியதென்று சொன்னாலும் அனுமதி அறுந்துவிடும். நான்காவது நிரப்புக்கு இரண்டிலும் வரம்பை ஐம்பத்தைந்துக்கு ஏற்ற வேண்டும். மேலே இருப்பதில் ஐம்பத்தைந்து இருக்கிறது. உள்ளே இருப்பதில் முப்பத்தெட்டு. மூன்றாவது நிரப்பின் எண்.

முழு பீமில் எங்கள் எண்ணிக்கை சராசரி முப்பத்தாறு. அது கொஞ்சம் ஏறும், இறங்கும், இயல்பு அதுதான். சில சமயம் இரண்டு நிமிடத்தில் முப்பத்தெட்டைத் தொடும், சில சமயம் முப்பத்தேழு நிமிடத்தில். பாதி பீமில் பதினெட்டு. தொடவே தொடாது. மாட்டிக்கொண்டார் என்று குதித்தேனே அன்றைக்கு!

சரிபார்ப்புப் புத்தகத்தை எடுத்தேன். பக்கம் நாற்பத்தாறு, பிப்ரவரி இருபத்தாறு. பெட்டி ஒன்று, வரம்பு மாற்றப்பட்டது, என் கையெழுத்து. பெட்டி இரண்டு, வரம்பு மாற்றப்பட்டது, என் கையெழுத்து. இப்போது நன்றாக நினைவுக்கு வருகிறது. மேலே இருப்பதை மாற்றினேன். உள்ளே போக உடை மாற்ற வேண்டும், காலுறை மாட்ட வேண்டும், சாப்பாட்டு நேரம். பேனா கையில் இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று இரண்டு இடத்திலும் போட்டுவிட்டேன். சாப்பிட்டு வந்ததும் லாரிக்காரர்கள் தேதி கேட்டுப் போன் செய்தார்கள்.

எத்தனை தடவ உள்ள போனேன்! இருபத்தஞ்சாந்தேதி அந்தப் பெட்டி மேலயேதான் ஹெல்மெட்டக் கழட்டி வச்சேன். குனிஞ்சு ஒரு தடவ பார்த்தேனா? வரம்புத் திருகைத் திருப்பி விட்டா பத்து வினாடி வேலை. ஐயோ, பத்து வினாடி.

ஏப்ரல் 4, வெள்ளி

யாருக்கும் தெரியாது. எழுதி வைக்கிறேன்: நேற்று இரவு முழுக்க இந்த எண்ணம் எனக்கு இருந்தது. உள்ளே போய் அந்தத் திருகைத் திருப்பிவிட்டால் யாருக்குமே தெரியாது.

காலையில் முதலில் பீம்காரர் அறைக்குப் போனேன். அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். புத்தகத்தையும் காட்டினேன். அந்தப் பக்கத்தை முழுக்கப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"உங்க பக்கம்னு எனக்கு மொத வாரமே தெரியும் மேடம். எந்தப் பெட்டின்னுதான் தெரியல" என்றார். பிறகு, "கோவத்துல கேக்கல. நிஜமாவே புரியாமதான் கேக்கறேன். உள்ள அத்தனை தடவ போனீங்க. அதை மட்டும் ஏன் பார்க்கல?"

"கையெழுத்துப் போட்டிருந்தேனே சார்."

அவ்வளவுதான் வந்தது வாயிலிருந்து. எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

தலைவரிடம் போனேன். "வரம்பு குறைவா இருந்தா பாதுகாப்புதானேம்மா. யாருக்கும் ஆபத்தில்ல. அறிக்கை போயாச்சு. இப்ப யார் கேட்டாங்க உன்கிட்ட?" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அறிக்கைக்கு இணைப்பாக அனுப்புவதாகச் சொன்னார். அனுப்புவார். யார் படிப்பார்கள்?

எரிபொருளை மறுபடி கேட்டு நானே ஒரு கடிதம் போட்டேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

பீம்காரர் போய்விட்டார். மாற்றல் மாற்றல்தானாம், கையெழுத்தானதை மாற்ற முடியாதாம். வீட்டில் கணவரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் பல்லைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தட்டை நகர்த்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

மே 19, திங்கள்

எரிபொருள் கிடையாது. வேறு திட்டத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு வரிக் கடிதம்.

ஜூன் 10, செவ்வாய்

பீம்காரர் போன் செய்தார். மருத்துவக் கருவிகளைக் கிருமி நீக்கும் ஒரு சின்ன முடுக்கியைப் பார்த்துக்கொள்கிறாராம். "பொம்மை மாதிரி இருக்கு மேடம், பேசினா கேக்குது" என்று சிரித்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: புது இடத்து மேலாளர் பழைய அறிக்கையைப் படித்திருக்கிறார். இணைப்பைப் படிக்கவில்லை. பக்கம் நாற்பத்தாறின் நகலும் நான் தவற்றை எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகலும் கிடைத்தால் நன்றாக இருக்கும். "சிரமம் இல்லேன்னா மட்டும்."

நகல் எடுத்துவிட்டேன். கீழே "மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது" என்ற முத்திரையைக் குத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அலுவலக உதவியாளர் பேனாவை நீட்டினார். தபால் பை கிளம்புகிற நேரம். இருங்கள் என்றேன். மூலத்தையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரல் வைத்து, முதல் வரியிலிருந்து ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட்டேன். தேதி, பெட்டி ஒன்று, பெட்டி இரண்டு, கையெழுத்து, கையெழுத்து. முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். இன்றைய தபால் போய்விட்டது. நாளைக்கு அனுப்ப வேண்டும்.