மூச்சு விடாத சரக்கு

மார்ச் 3
நாடு வளர்கிறது. எங்கள் குளிர்சாதனக் கம்பெனியில் மறுபடியும் சம்பள உயர்வு. நாட்டை ஆள்கிற பெரியவரின் படத்துக்கும் தகரச் சட்டம் போய் மரச்சட்டம் வந்துவிட்டது. உள்ளே அவர் மட்டும் வயதாகாமல் இருக்கிறார்.

மாலையில் தங்கையைப் பார்க்க வந்த மச்சான், கல்லூரியில் நடத்துகிற அரசியல் பாடத்தை எங்கள் கூடத்திலும் நடத்தினார். "வீட்டுல ஃபிரிட்ஜ் வந்துட்டா எவனும் சண்டைக்குப் போகமாட்டான், மாப்ளே. இழக்கறதுக்கு ஒண்ணு இருக்குல்ல?" அந்தக் கணக்கில் ஃபிரிட்ஜ் விற்கிற நான் சமாதானத் தூதன். இத்தனை நாள் நாம் சண்டைக்குப் போகாதது டீசலுக்குக் காசில்லாததால்தான் என்றேன். அணிவகுப்பில் ஒரு டாங்கியை இன்னொரு டாங்கி கயிறு கட்டி இழுத்துப்போனதைக் கண்ணால் பார்த்தவன் நான். உங்களுக்குக் கம்ப்ரசர் மட்டும்தான் புரியும் என்று சொல்லிவிட்டார்.

அவர் மகன் சின்னவனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. வளர்கிற நாட்டை விட்டு யாராவது போவார்களா என்று கேட்கிறார் மச்சான். இம்மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

மார்ச் 19
எல்லையோர ஊரில் பழம் வைக்கக் குளிர்கிடங்கு கட்ட வேண்டும். ஏற்றுமதி வாரியத்தின் ஆர்டர். வரைபடத்தைப் பார்த்தேன்.

பறித்த பிறகும் பழம் மூச்சு விடும். புதுக்காற்று வராவிட்டால் உள்ளேயே புழுங்கி அழுகும். அதற்கான துவாரத்தை வரைபடத்தில் கோடு போட்டு நீக்கியிருக்கிறார்கள். பெட்டி அடுக்க இடமில்லை. சுவரோடு இழுத்துத் திறக்கும் எஃகுத் தட்டுகள், ஒவ்வொன்றும் ஆள் நீளம். தரையைக் கழுவிவிட வடிகால்.

முதலாளியிடம் காட்டினேன். "இந்தச் சரக்கு மூச்சு விடாதாம்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே பேசமாட்டேன் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

ஏழையாக இருந்த காலத்தில் ஆள் செத்த பிறகுதான் பிணவறை தேடுவோம். இப்போது முன்யோசனை வந்திருக்கிறது. இதுதான் வளர்ச்சியா?

மார்ச் 22
கையெழுத்தாவது, மண்ணாங்கட்டியாவது. மச்சானிடம் சொல்லிவிட்டேன். "அது பிணவறை, மச்சான். சண்டை வரப்போகுது. சின்னவனை அனுப்பிடுங்க."

அவருக்குக் கோபம் வரவில்லை, அதுதான் கொடுமை. ஒரு தாளில் மலை மாதிரி கோடு போட்டார். பணம் சேர ஆரம்பிக்கும்போதுதான் ஒரு நாட்டுக்குத் தினவெடுக்குமாம், உச்சியைத் தாண்டினால் சாந்தமாகிவிடுமாம். நாம் தாண்டிவிட்டோமாம். பிணவறை நிலநடுக்கத்துக்காக இருக்கலாமாம். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "பெட்டியை எடுத்து வைக்கட்டுமா?" என்றாள். "மாப்ளைக்குக் குளிர் தலைக்கேறிடுச்சு, நீ போய் வேலையைப் பாரு" என்றார்.

மார்ச் 31
சின்னவன் போகவில்லை.

ஏப்ரல் 25
சின்னவனுக்கு இங்கேயே வேலை கிடைத்துவிட்டது. புது பைக்கில் வந்து நின்றான். "ஏறுங்க மாமா, காத்து வாங்கலாம்." ஏறினேன். என்ன செய்ய? சந்தோஷமாகத்தான் இருந்தது.

மே 27
கிடங்கைத் திறந்துவைத்தார்கள். படம் எடுக்க வேண்டுமே, அதனால் எஃகுத் தட்டில் ஒரு கூடைப் பழம். அமைச்சர் கார் ஏறியதும் அதிகாரிகள் ஆளுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டார்கள். கிடங்கு கண்ட ஒரே பழம்.

ஜூன் 30
ஆரம்பித்துவிட்டது. போர் என்று சொல்லக்கூடாது, எல்லைச் சீரமைப்பு. கடைகளில் டிவி விற்றுத் தீர்ந்துவிட்டது. மச்சான் சொன்னது தப்பில்லை, ஃபிரிட்ஜ் உள்ளவன் சண்டைக்குப் போகமாட்டான். குளிர்ந்த தண்ணீர் குடித்துக்கொண்டே பார்ப்பான்.

சின்னவனுக்குப் பட்டாளத்திலிருந்து ஓலை வந்துவிட்டது. அவன் வயதுப் பையன்கள் நாட்டை விட்டு வெளியே போகவும் தடை.

ஜூலை 6
அவனைப் பேருந்தேற்றிவிட்டோம். "இன்ஜினியர்ல, ரிப்பேர் பிரிவுலதான் போடுவாங்க" என்றார் மச்சான். ஆமாம் என்றேன். அவர் சொன்னதை நான் ஒத்துக்கொண்டது இதுதான் முதல் தடவை. நான் மறுக்கவில்லை என்றதும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

ஆகஸ்ட் 18
சின்னவனிடமிருந்து பேச்சுமூச்சில்லை. இறந்தவர்கள் பெயரை அரசு வெளியிடுவதில்லை, யாரும் இறக்கவில்லையாம். கல்லூரியில் பாடத்தை மாற்றிவிட்டார்கள். செல்வம் ஒரு நாட்டுக்குத் தன்மானம் தரும், தன்மானம் விலை கேட்கும் — மச்சான் இப்போது நடத்துவது இதைத்தான். பாதி வகுப்பு காலி. எங்கள் வீட்டுக்கு வாதாட வருவதில்லை. வந்தால் தேவலை.

செப்டம்பர் 2
கிடங்கில் விசிறி நின்றுவிட்டதாம், என்னைப் போகச் சொல்கிறார்கள். மனைவி அண்ணனிடம் சொல்லியிருப்பாள்போல. வந்தார். உள்ளே வரவில்லை, வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார். "மாப்ளே... ஒருதடவை பார்த்துட்டு வந்துடுங்க."

செப்டம்பர் 4
மோட்டாரை மாற்றினேன். குளிர் தாங்காமல் காவலாளி வெளியே போய்விட்டான். நானும் தட்டுகளும் மட்டும். எல்லாவற்றிலும் எண் சீட்டு தொங்கியது, ஒன்றும் காலியில்லை. ஒரு கைப்பிடியில் கை வைத்தேன். இழுத்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் — தெரிந்து என்ன செய்ய? யாரிடம் போய்ச் சொல்ல? அந்த அக்காவிடமா?

ஒன்றையும் திறக்கவில்லை.

வீட்டுக்குள் நுழையும்போதே போன். "பார்த்தீங்களா?" "பார்த்தேன், மச்சான். எல்லாத்தையும் பார்த்தேன். அவன் இல்ல." அவர் திரும்பி, "இல்லையாம், இல்லையாம்" என்று சொல்வது கேட்டது. அப்புறம் அக்கா அழுகிற சத்தம்.

செப்டம்பர் 11
இன்னொரு கிடங்குக்கு ஆர்டர், முதலாளி எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார். விஷயம் அதற்குள் மச்சானுக்கு எட்டிவிட்டது. சாயங்காலம் வந்து, ரொம்ப நாளைக்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அதையும் நீங்கதானே போய்ப் பார்ப்பீங்க?"

நான்தான் என்றேன். கொஞ்சம் தெம்பு வந்தவர்போல எழுந்து போனார்.