வளைவுக்கு முன்னால் ஒரு குரல்

டீச்சரம்மா,

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனாலும் எழுத்துகள் எல்லாம் மலைப்பாதை போல மேட்டுப்பாளையம் பக்கமே இறங்கிப் போகின்றன. ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. இருந்தாலும் சந்தோஷமாக இருக்கிறது. ‘டீச்சரம்மா’ என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று முதியோர் வகுப்புக்குக் கிளம்பும் முன் உங்கள் சிலேட்டை ஈரத்துணியால் துடைத்தேன். நீங்கள் கண்ணை மூடிய பிறகு உங்கள் தங்கை மகள் எனக்குக் கொடுத்தது. நனைந்த சிலேட்டின் வாசனை வந்ததும் அந்த வளைவு கண்முன் வந்து நின்றது.

தேயிலை ஃபேக்டரியில் ரிட்டயர் ஆன பிறகுதான் உங்கள் வீட்டுத் தோட்ட வேலைக்கு வந்தேன். நீங்கள் கல்கத்தா, பம்பாய் ஹோட்டல்களில் எல்லாம் பாடிவிட்டு, பிறந்த குன்னூருக்கே திரும்பி வந்து பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். ஜாஸ் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஒரே பாட்டை இன்று ஒரு மாதிரி பாடுவீர்கள், நாளைக்கு வேறு மாதிரி. பாவம், மறந்துபோகிறது போல என்று நினைத்து ஒருநாள் கேட்டே விட்டேன்.

‘மறக்கலீங்க ரங்கசாமி. நேத்துப் போன வழியிலயே இன்னிக்கும் போனா சலிச்சுப் போகுமில்லீங்களா?’

‘எஸ்டேட்ல எங்களுக்கு ஒரே வழிதானுங்க,’ என்றேன். விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

பாட வருகிறவர்களைத் தரையில் படுக்க வைத்து, வயிற்றின் மேல் கனமான புத்தகம் ஒன்றை வைப்பீர்கள். மூச்சில் புத்தகம் ஏறி இறங்க வேண்டும். ‘பயந்தா மூச்சு நெஞ்சுக்கு ஏறிக்கும். அதை வயித்துக்கு இறக்கிட்டு அப்புறம் வாயைத் திறங்க,’ என்பீர்கள். மேடை ஏறும் முன் உங்களுக்கே கை ஜில்லிட்டுப் போகும் என்றும், சாக்ஸஃபோன் வாசிப்பவரின் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள் என்றும் சொன்னபோது நான் நம்பவில்லை.

பிறகுதான் தொண்டையில் கட்டி வந்தது. கோயம்புத்தூரில் ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். மறுபடி வந்து காட்டும்வரை பேசக்கூடாது, குசுகுசுக்கக்கூடாது, முனகக்கூடாது. மீறினால் புண் ஆறாது, குரல் திரும்பாமலே போகலாம். பாட்டைத் தவிர வேறு எதுவும் இல்லாத மனுஷிக்கு இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? அன்றைக்கு மலை ஏறும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தீர்கள்.

வீட்டில் சிலேட்டு வந்தது. மற்றவர்களுக்கு எழுதிக் காட்டுவீர்கள். படிக்கத் தெரியாத எனக்குப் படம். டீ வேண்டுமென்றால் கப், மீன் வேண்டுமென்றால் முள். ஒருநாள் மீசையைப் பார்த்துப் பூனை என்று நினைத்து நான் கொல்லைப்புறம் விரட்டப் போனேன். நீங்கள் வரைந்திருந்தது டாக்டரை.

பேசக்கூடாத அந்த நாட்களில்தான், நாம் இருவரும் பஸ்ஸை விட்டு இறங்கித் தேயிலைக்குள் நடந்து வந்த அந்தச் சாயங்காலம். பனிமூட்டத்தில் வளைவு திரும்புமுன் குரல் கொடுக்க வேண்டும் என்பது நம் தேயிலைத் தோட்டத்து வழக்கம். சத்தம் கேட்டால் காட்டெருமை ஒதுங்கிவிடும். கேட்காமல் திடீரென்று எதிரே போய் நின்றால்தான் முட்டும். உங்களுக்கும் சேர்த்து நான்தான் ‘ஹோய்’ என்று கத்திக்கொண்டு வந்தேன். அந்த வளைவிலும் கத்தினேன். ஆனால் அங்கிருந்த காட்டெருமை ஒதுங்கவில்லை. கன்றோடு நின்றது.

ஒருபக்கம் மண்மேடு, மறுபக்கம் சரிவு. அது தலையைத் தாழ்த்திச் சீறியது. நான் இன்னொரு தரம் கத்த வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. நீங்கள் பையிலிருந்து சிலேட்டை எடுத்து, அவசரமாக எதையோ எழுதி என் முகத்துக்கு நேரே பிடித்தீர்கள். பயத்தில், எனக்குப் படிக்கத் தெரியாது என்பதையே மறந்துவிட்டீர்கள். நான் முழித்தேன். அது ஓர் எட்டு முன்னால் வைத்தது.

அப்போது நீங்கள் முனக ஆரம்பித்தீர்கள். வார்த்தை இல்லாமல், தாழ்வாக, ஒரே சீராக. உங்கள் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்தேன். அதன் காது உங்கள் பக்கம் திரும்பியது. நிறுத்தாமல் முனகினீர்கள். கடைசியில் கன்றைத் தள்ளிக்கொண்டு அது சரிவில் இறங்கிப் பனிக்குள் போய்விட்டது.

நீங்கள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தீர்கள். என் பயம் அதற்குப் பிறகுதான் பெரிதானது. மறுபடி கோயம்புத்தூர் போகும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னால் அந்தக் குரல் போய்விட்டதோ?

டாக்டர் தொண்டைக்குள் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, ‘ஏதாச்சும் பேசுங்க பார்க்கலாம்,’ என்றார். என் பக்கம் திரும்பினீர்கள். கரகரவென்று வந்தது.

‘ஓடாதீங்கன்னுதான் எழுதினேன், ரங்கசாமி.’

‘நான் எங்கீங்க ஓடறது? முழங்கால் நகரவே இல்லீங்களே.’

டாக்டர் முன்னாலேயே அழுதேன். நீங்கள் சிரித்தீர்கள். உச்சிக் குரல் திரும்பவில்லை. அது கட்டியால் போனதா, அன்று முனகியதால் போனதா, தன்னால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ‘மேல்மாடியைப் பூட்டியாச்சுங்க. கீழ்மாடியில குடியிருந்துக்கறேன்,’ என்றீர்கள். கீழ்க் குரலிலேயே பாடினீர்கள், சொல்லிக் கொடுத்தீர்கள், போன மழைக்காலம் வரை.

முதியோர் வகுப்பில் முதல் நாள், எழுத்துச் சொல்லிக் கொடுக்கிற பொண்ணு கேட்டது: ‘தாத்தா, முதல்ல உங்க பேரை எழுதலாமுங்களா?’

‘பேரு அப்புறம் பார்த்துக்கலாமுங்க. ஓடாதீங்கன்னு எழுதறது எப்படி, அதைச் சொல்லிக் குடுங்க.’

சுழித்துச் சுழித்து எழுதினேன். அன்று நீங்கள் காட்டிய எழுத்துகளும் இப்படித்தான் இருந்தனவா என்று உற்றுப் பார்த்தேன்.

வகுப்புக்கு அந்த வளைவு வழியாகத்தான் போய் வருகிறேன். இன்று திரும்பும்போது பனி இறங்கியிருந்தது. பாதையில் சாணம் கிடந்தது, ஆவி பறக்க. நின்றேன். மூச்சு நெஞ்சில் அடைத்தது. அதை வயிற்றுக்கு இறக்கி, நீங்கள் முனகினது போல முனகினேன். சுருதி சேர்ந்திருக்காது. சரிவில் புதர் அசையும் சத்தம் கேட்டது. அது அடங்கும்வரை முனகிவிட்டுத்தான் வளைவைத் திரும்பினேன்.

அடுத்த வாரமும் வகுப்பு இருக்கிறது, வளைவும் இருக்கிறது. வீடு வந்து சேர்ந்ததும், சேர்ந்துவிட்டேன் என்று உங்களுக்கு எழுதுகிறேன். பயமாகத்தான் இருக்கிறது, டீச்சரம்மா. ஓட மாட்டேன்.

ரங்கசாமி