இடப்பக்கம் பார்த்த முகம்

என் கண்ணுக்கு,

இதைச் சாம்பார்பொடி டப்பாவின் அடியில் மடித்து வைத்து அனுப்புகிறேன். மாப்பிள்ளை பார்த்துவிட்டால், பொடிக்கு அம்மா எழுதிக் கொடுத்த அளவு என்று சொல்லிவிடு. பம்பாயில் வளர்ந்த அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. உன் போனை அவர் பார்க்கிறார் என்பதால்தான் காகிதம்.

உன் அப்பா சோர் பஜார் பழம்பொருள் கடைகளில் தேடி வாங்கிய கேமியோ ப்ரூச் நினைவிருக்கிறதா? பழுப்புக் கல்லின் மேலடுக்கில் ரோமானியச் சிலை போலச் செதுக்கிய வெள்ளை முகம். அவள் வலப்பக்கம் பார்ப்பாள். மாப்பிள்ளை பாலிஷ் போட என்று குர்லாவில் ஒரு கடைக்கு எடுத்துப் போனார். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மாட்டுங்காவில் நம் வீட்டுக்கு வந்தபோது, உன் புடவையில் இருந்தவள் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல் போனால் போகட்டும்.

"இது நம்மாத்து ப்ரூச் இல்லையேடி" என்றேன். நீ முதலில் அவர் முகத்தைப் பார்த்தாய். அப்புறம்தான், "அதேதாம்மா. உனக்குத்தான் கண்ணு சரியாத் தெரியலை" என்றாய். அவர் சிரித்தார். நீ தலைப்பை இழுத்து முழங்கை வரை மூடிக்கொண்டாய். அந்த வெயிலில்.

அன்றைக்கு நான் எதுவும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வீடியோ காலில் வா. அவர் பக்கத்திலேயே உட்காரட்டும், சமையல் பேசுவோம். சௌக்கியமாக இருந்தால் அந்த ப்ரூச்சைக் குத்திக்கொள்ளாதே. குத்தியிருந்தால் அடுத்த நிமிஷம் கிளம்பிச் செம்பூரில் உன் வீட்டுக்கு வந்துவிடுவோம். அப்பா கீழே டாக்ஸியில் இருப்பார், நான் மேலே வருவேன்.

துணிமணி எதுவும் எடுக்க வேண்டாம். செருப்பு மட்டும் வாசலில் இருக்கட்டும்.

அம்மா