ஜெராக்ஸில் விழாத நீலம்

பிப்ரவரி 9

படக்கதையின் கடைசிப் பக்கத்தைப் பென்சிலில் வரைந்து முடித்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது. அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் கதைதான்: கல்யாணம், அடி, ஒரு பையோடு வெளியே வந்தது. பேர் கிடையாது. முகமும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தாள். அதனால் அவளுக்குக் கோழித் தலை, அந்த ஆளுக்கு நாய்த் தலை.

"கோழி என்னடி இப்படி முழிக்குது?" என்று சிரித்தாள். நாயை ரொம்ப நேரம் பார்த்தாள். "அவருக்குக் காது இவ்ளோ பெருசு இல்ல."

இன்னும் 'அவர்'தான்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கிளம்பும்போது சொன்னாள்: "நான் எங்க இருக்கேன்னு மட்டும் தெரியக் கூடாது."

சத்தியமாகத் தெரியாது என்றேன்.

பிப்ரவரி 12

மை போட்டாயிற்று. அடியில் இருக்கிற நீலப் பென்சில் கோடுகளை அழிக்கவில்லை. எப்போதுமே அழிப்பதில்லை. அதற்காகத்தானே நீலம்? ஜெராக்ஸில் விழாது, கறுப்பு மட்டும்தான் வரும். எனக்கு நானே கிறுக்கிக்கொள்கிற குறிப்புகளும் அப்படியே கிடக்கும். 'இங்கே நிழல்.' 'மூக்கு கோணல், மாற்று.' இந்தத் தொழிலில் நான் அனுபவிக்கிற ஒரே சோம்பேறித்தனம் இது.

பிப்ரவரி 13

ஜெராக்ஸ்காரர் புது மெஷின் போட்டிருக்கிறார். பெருமை தாங்கவில்லை. "இது எதையும் விடாதும்மா. தாள் மேல ஈ உக்காந்தா அது காலை எண்ணிடலாம்."

பிரதிகளில் அங்கங்கே லேசாகச் சாம்பல் படிந்திருக்கிறது. புது மெஷின், மை இன்னும் செட் ஆகவில்லை போல. திரும்ப அடிக்கச் சொல்ல வாய் வரவில்லை. கண்காட்சி தலைக்கு மேல் நிற்கிறது. இனி மடிக்கணும், பின் அடிக்கணும்.

பிப்ரவரி 14

விரல் முழுக்கப் பின் குத்து.

பிப்ரவரி 15

சொந்தமாக அச்சடித்து விற்கிறவர்கள் எல்லாரும் ஒரே ஹாலில். எனக்கும் நெட்டைக்கும் பாதிப் பாதி மேசை. அவன் பேய்க்கதை வரைகிறவன். அவனுடைய பேய்களுக்கெல்லாம் அவன் வீட்டு ஓனர் முகம்.

டீ குடித்துவிட்டு வந்தால், "உங்க அத்தான் வந்திருந்தாருங்க. போஸ்டர்ல உங்க பேரைப் பாத்தாராம். தங்கமான மனுஷன். ரெண்டு காப்பி வாங்கிட்டுப் போனார்" என்கிறான்.

ரெண்டு எதற்கு?

போகட்டும். கோழியும் நாயும்தானே இருக்கிறது? தன் காதைப் பார்த்துக்கொள்ளட்டும். அக்காவிடம் சொல்லவில்லை. வீணாகப் பயப்படுவாள்.

பிப்ரவரி 16

காலையில் ஒரு வாசகி மெசேஜ். 'கோழி ஜன்னல் திறக்கிற பக்கத்தில் அந்த மங்கலான எழுத்து ரொம்ப அழகு. வேணும்னே பண்ணீங்களா?'

என்ன எழுத்து?

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கட்டத்தின் ஓரத்தில், சாம்பல் நிறத்தில், என் கையெழுத்து. 'அக்கா ரூம். ரயில்வே கேட், தையல் கடை மாடி. அதே ஓட்டைக் கதவு போடணும்.'

விழுந்திருக்கு. நீலம் எல்லாம் விழுந்திருக்கு. ஐயோ, என்ன பண்ணி வெச்சிருக்கேன் — போன் அடிக்கிறேன், எடுக்க மாட்டேங்கிறா. எடு அக்கா. எடு. நான் கிளம்பறேன்.

பிப்ரவரி 18

ஆஸ்பத்திரி. தாடை உடைந்திருக்கிறது. கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். நான் போன் அடித்துக்கொண்டிருந்தபோது அவள் மாடிப்படியில் கிடந்திருக்கிறாள்.

தையல்காரம்மாதான் கத்தரிக்கோலும் கையுமாக ஓடிவந்து அவனைத் துரத்தினாராம். "புஸ்தகத்தைக் கையில வெச்சுக்கிட்டு வந்தாம்மா. புஸ்தகத்தைப் பாக்கறான், கதவைப் பாக்கறான். வாடகைக்கு வீடு பாக்கறவன்னு நெனச்சேன்."

அச்சு அசலாக வரைந்திருந்தேன் அந்தக் கதவை. அதில் எனக்குப் பெருமை வேறு.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீலப் பென்சில், அவன் வாங்கிப் போனது, நான் மறைத்தது. பேச முடியாதே அவளால். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 27

கட்டில் காலி. எங்கே போனாள் என்று கேட்டால் நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். "தங்கச்சிக்கும் சொல்லக் கூடாதுன்னு எழுதிக் காட்டினாங்க."

தங்கச்சிக்கும்.

மார்ச் 3

அவனைப் பிடித்தார்கள், ஜாமீனில் விட்டார்கள். தெருவில் நடமாடுகிறான்.

மிச்சப் பிரதிகளை நானும் நெட்டையும் உட்கார்ந்து கிழித்தோம். "தங்கமான மனுஷன்னு சொன்னேனேங்க" என்று அழுதான். அவனை என்ன சொல்ல? அவன் விற்றான். எழுதினது நான்.

ஜூன் 20

அக்கா பேசினாள்! தெரியாத நம்பர். வாய் இன்னும் சரியாகத் திறக்கவில்லை, வார்த்தை வழுக்குகிறது. "நல்லா இருக்கேன். வேலை கெடச்சிருக்கு." எங்கே என்று கேட்கவில்லை. கேட்டுவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பின்னால் எங்கேயோ ஆலைச் சங்கு ஊதியது. யாரோ ஷட்டரை இழுத்து இறக்கினார்கள். பிள்ளைகள் கூட்டமாக வாய்ப்பாடு ஒப்பித்தார்கள்.

"அது என்ன சத்தம்?" என்றாள் திடீரென்று.

"எது?"

"உன் பக்கம். கர்ருகர்ருன்னு."

குனிந்து பார்த்தேன். மேசையில் ஒரு தாள். 'சங்கு. ஷட்டர். பக்கத்தில் பள்ளிக்கூடம்.' கையில் நீலப் பென்சில்.

"பென்சிலைக் கீழ வை" என்றாள்.

வைத்தேன். அதற்குள் போனை வைத்துவிட்டாள்.