கன்று நக்கிய தரை

மலைமுகட்டில் மழையும் அடிவாரத்தில் அறமும் குறையாத மேற்குன்ற நாட்டின் காவலரும், யானைக்கொடி உடையவரும், எங்கள் அரசி வானவல்லியாரைப் பெற்றதனால் எங்களுக்கும் தந்தை முறையானவருமான மன்னர் நெடுங்கொற்றனார் திருமுன், நறுங்கரை நாட்டு அகநகர் அமைச்சன் அழிசியாதன் வணங்கி வரைவது. தங்கள் கோட்டை வாயில் விருந்தினருக்கு என்றும் திறந்திருக்கட்டும். தங்கள் பேரன் பால்மணம் மாறும் முன்பே தங்கள் மீசையைப் பிடித்து இழுக்கட்டும். வரும் வளர்பிறையில் அரசியாரையும் இளவரசரையும் எங்கள் அரண்மனைக்கு அனுப்பி, மண்ணூட்டு விழாவைத் தாங்களும் உடனிருந்து

இந்த இடத்தில் எழுத்தாணி ஓலையைக் கீறிக்கொண்டு ஓடியிருப்பதைக் காண்பீர்கள். பேரவை மண்டபத்தில் வெண்கலப் பெருவிளக்கு சரிந்து விழுந்த ஓசையில் என் கை பதறிய அடையாளம் அது. வேறு ஓலை எடுத்து வாழ்த்துகளை மறுபடி எழுதும் பொறுமை இப்போது எனக்கு இல்லை. அழைப்பாகத் தொடங்கிய இதே ஓலை தடையாக முடிகிறது, பொறுத்தருள வேண்டும்.

அரசியாரின் பல்லக்கு புறப்படவில்லை என்றால் புறப்பட விடாதீர்கள். புறப்பட்டிருந்தால் குதிரை அனுப்பி வழியிலேயே நிறுத்துங்கள். இளவரசரைத் தங்கள் அரண்மனைத் தரையில் எங்கேயும் கிடத்த வேண்டாம். தொட்டிலில் இடுங்கள், அல்லது யாராவது மடியில் வைத்திருங்கள். இவற்றைச் செய்துவிட்டு மேலே படியுங்கள்.

மண்ணூட்டு என்பது எங்கள் நாட்டில் மட்டும் உள்ள வழக்கம் ஆகையால் அதைத் தங்களுக்குச் சொல்ல வேண்டும். அரசுக்கு உரிய குழந்தை முதன்முதலாக வீடு வரும் நாளில், துணியோ பாயோ இல்லாமல் பேரவை மண்டபத்தின் கருங்கல் தரையில் அதைக் கவிழ்த்துக் கிடத்துவோம். தாய் தன் விரலை நீரில் நனைத்துத் தரையில் தேய்த்து, அந்த ஈரத்தைக் குழந்தையின் நாக்கில் வைப்பாள். இந்த வீட்டின் ருசி அறியாதவர் இதை ஆளலாகாது என்பது எங்கள் முன்னோர் எண்ணம். அதனால் எங்கள் துலக்குச்சாலைக்கு, அதாவது அரண்மனையைக் கழுவித் துடைக்கும் பணியாளர் சாலைக்கு, ஒரே ஒரு விதி உண்டு: நாக்கில் வைக்கக்கூடாத எதுவும் அந்தத் தரையில் படக்கூடாது. பூந்திக்கொட்டை நுரை, சலித்த சாம்பல், எலுமிச்சை, கல்லுப்பு, அரிசித் தவிடு, வெட்டிவேர் ஊறிய நீர் ஆகியவற்றால்தான் தலைமுறை தலைமுறையாக அது துடைக்கப்பட்டது. விளக்குகளுக்குப் புளி. தரை பளபளத்ததில்லை, ஆனால் சுத்தமாக இருந்தது.

விழாவுக்கு முன் ஒரு கன்றை மண்டபத்துக்குள் விட்டுத் தரையை நக்க வைப்பதும் வழக்கம். இது வெறும் சடங்காகிவிட்டதால் நான் அங்கே போகாமல் பக்கத்து அறையில் ஓலை எழுதிக்கொண்டிருந்தேன். கன்று ஆசையாக நக்கியதாம். பிறகு கால் பின்னி, வாயில் நுரை தள்ளி, விளக்கின் மேல் சாய்ந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அதன் வயிறு இழுத்துக்கொண்டிருந்தது. மருத்துவர் பொழிலனார் மோரும் நெய்யும் புகட்டியும் அது பிழைக்கவில்லை. தாய்ப்பசு கொட்டிலில் கத்தத் தொடங்கியது. இதை எழுதும் இந்தக் கணம்வரை அது நிறுத்தவில்லை.

துலக்குச்சாலைத் தலைவி சாத்தியை அழைத்தேன். தரையில் என்ன போட்டாய் என்று மருத்துவர் கேட்டதற்கு அவள் பெருமையோடுதான் பதில் சொன்னாள்.

"நல்ல சாமான்தான் ஐயா. கடல்தாண்டி வந்த வெள்ளைப் பொடி. மெழுகுல கொழைச்சு ஒரு தேய்ப்புத் தேய்ச்சாப் போதும். அன்னையில இருந்து ஒரு எறும்பு அண்டல, தெரியுமா?"

"எறும்பு அண்டாத எடத்துல புள்ளை எப்படிம்மா அண்டும்?" என்றார் மருத்துவர்.

அந்தப் பொடியில் ஒரு சிட்டிகையைக் கனலும் கரிமேல் தூவி, எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். பூண்டு வாசனை எழுந்தது. சமையற்கட்டிலோ அப்போது யாரும் பூண்டு உரிக்கவில்லை. மருத்துவர் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, நெருப்பில் பூண்டாக மணப்பது வெள்ளைப் பாஷாணம், கொடிய நஞ்சு என்றார். கன்றைக் கொன்றதில் கால்பங்கு போதும், கைக்குழந்தைக்கு.

சாத்தி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய கைகளை அப்போதுதான் கவனித்தேன். விரல் இடுக்கெல்லாம் புண். மஞ்சள் பூசித் துணி சுற்றியிருந்தாள். அவளுக்குக் கீழே துடைக்கும் பெண்களின் கைகளும் அப்படியே இருந்தன.

"புதுச் சாமான்னா கை கொஞ்சம் வெடிக்கும்னு விட்டுட்டேன் ஐயா," என்றாள். "எங்களுக்கு முட்டி தேஞ்சுபோச்சு. பூந்திக்கொட்டைய ஒடைக்கணும், சாம்பலைச் சலிக்கணும், புளிய ஊறவைக்கணும். இது நிமிஷத்துல கண்ணாடியாக்கிருச்சு. தரையில என் மூஞ்சிய நானே பாத்தேன். அழகாத்தான் இருந்தேன்."

விதி தெரிந்தவள் எப்படிச் சம்மதித்தாய் என்று கேட்டேன். அவள் சொன்னதைக் கேளுங்கள். முதலில் முடியாது என்று மறுத்தாளாம். எங்கள் அரசர் பரிதிவேளே நேரில் வந்து பொடியைக் கொடுத்து, "மேற்குன்றத்துல இதைத்தான் போடுறாங்க, சாத்தி. என் மனைவி அந்தத் தரையில தவழ்ந்து வளர்ந்தவதானே? நல்லாத்தானே இருக்கா?" என்றாராம்.

மன்னர் பெருமானே, நான் மேலே அப்படி அவசரப்பட்டு வேண்டியதற்குக் காரணம் இதுதான். திருமணத்தின்போது தங்கள் மண்டபத் தரையில் விண்மீன் போல விளக்குகள் மின்னியதை நானும் பார்த்தேன். தன் முகத்தை அதில் கண்ட எங்கள் அரசர், ஊர் திரும்பிய நாள் முதல் எங்கள் தரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதும் உண்மை. அந்த மினுமினுப்பு இந்தப் பொடியால் வந்தது என்றால், நான் இங்கே கன்றுக்காகக் கலங்கும் நேரத்தில் இளவரசர் அங்கே நஞ்சின் மேல் படுத்திருக்கிறார். அரசியாரின் விரல்களில் புண் உண்டா, அரண்மனையில் எறும்பு நடமாட்டம் உண்டா என்று உடனே பார்க்கச் சொல்லுங்கள். அங்கே நஞ்சில்லை என்று தங்கள் வாயால் கேட்கும்வரை எனக்குச் சோறு இறங்காது.

கோட்டைக் காவலன் நன்னாகன் சாத்தியைக் கட்டிக் கொண்டுபோக வந்தான். அரச குழந்தையின் தரையில் நஞ்சிட்டவருக்கு எங்கள் சட்டத்தில் மன்னிப்பு கிடையாது. அரசர் பெயரை இழுத்து அவள் தப்பப் பார்க்கிறாள் என்றான். அரசர் வரும்வரை அவள் மண்டபத்தில் இருக்கட்டும், தரையைக் கழுவ அவளைவிட்டால் ஆள் இல்லை என்று சொல்லித் தடுத்தேன். அரசரோ துறைமுகத்தில் புதுக் கப்பல் பார்க்கப் போயிருந்தார். ஆள் அனுப்பினேன். அவருடைய முத்திரை இல்லாத ஓலையைத் தங்கள் எல்லைக் காவலர் வாங்கமாட்டார்கள். தூதன் குதிரையில் சேணம் பூட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான். நான் எழுதுவதும் எழுந்து நடப்பதுமாக இருக்கிறேன்.

தங்கள் தரையையும் கழுவ வேண்டி வரலாம் என்பதால் இங்கே செய்ததைச் சொல்கிறேன். பெண்கள் மூக்கைத் துணியால் கட்டி, கைகளில் வாழைப்பட்டை சுற்றிக்கொண்டார்கள். உலர்ந்த துடைப்பத்தைத் தொடவே கூடாது, தூசி எழும்பும் என்று மருத்துவர் தடுத்துவிட்டார். சூடான தவிட்டைத் தரையில் பரப்பி மெழுகை இளக்கி, ஈரத் தென்னைநாரால் வழித்து எடுத்தார்கள். பிறகு சாம்பலை ஊறவைத்துத் தெளியவைத்த நீர், அதற்குப் பின் பூந்திக்கொட்டை நுரை, மறுபடி சாம்பல் நீர், கடைசியாக எலுமிச்சைச் சாறு. கழுவிய நீர் ஒரு சொட்டுகூடக் குளத்துக்குப் போகாதபடி வாய்க்காலை அடைத்து, சுண்ணாம்பு கொட்டிய குழியில் விட்டோம். இந்த நீர்க்குழியைத் தாங்கள் மறந்துவிடாதீர்கள். வீட்டைச் சுத்தம் செய்து ஊரைக் கொன்றதாகிவிடும்.

மண்டபத்தில் தொடங்கிய பயம் மற்ற அறைகளுக்கும் பரவியது. தொட்டிற்கூடத்து மரச்சட்டங்களில் பூசியிருந்த வண்ண மெழுகைச் சுரண்டிவிட்டு நல்லெண்ணெயும் எலுமிச்சைச் சாறும் தேய்க்கச் சொன்னேன். ஜன்னல்களில் கொசுவுக்கு வைத்திருந்த ஏதோ ஒரு கட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு நொச்சித் தழை கட்டினார்கள். சமையற்கட்டுப் பாத்திரங்களை ஒருவரும் சொல்லாமலே உப்பும் புளியும் போட்டுத் துலக்கத் தொடங்கிவிட்டார்கள். அடுப்படிப் பெண் ஒருத்தி, "மாமியார் வர்ற அன்னைக்குக்கூட இந்த வீட்டுல இவ்வளவு தேய்ச்சதில்ல," என்று முணுமுணுத்தாள். யாரும் சிரிக்கவில்லை. பசு கத்திக்கொண்டே இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் தரை பழைய கறுப்புக்குத் திரும்பியது. மங்கல், ஈரம், எலுமிச்சை வாசனை. ஆனால் இது போதுமா என்று யாருக்குத் தெரியும்? சாத்தி விரலை நனைத்துக்கொண்டு தன் நாக்கில் வைத்துப் பார்க்கக் குனிந்தாள். மருத்துவர் அவள் கையைத் தட்டிவிட்டு, தரையின் நடுவிலும் மூலைகளிலும் வெல்லப்பாகைத் தடவினார். எல்லாரும் சுவரோரம் நின்று எறும்புக்காகக் காத்திருந்தோம். நாடாளும் அமைச்சனும் கோட்டைக் காவலனும் எறும்பு வருமா என்று கண்கொட்டாமல் நின்ற நாள் இந்த அரண்மனையில் இதற்கு முன் இருந்திருக்காது.

வடக்கு வாசல் நிலையின் இடுக்கிலிருந்து ஒன்று வந்தது. மோப்பம் பிடித்தது, திரும்பிப் போனது. சாத்தி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். பிறகு சாரை சாரையாக வந்தன. பாகைத் தின்றன, சுமந்தன, வந்த வழியே உயிரோடு திரும்பின. "வாங்கடி வாங்க, எங்க போனீங்க இத்தனை நாளா?" என்று சாத்தி அவற்றிடம் பேசியதைக் கேட்டேன்.

ஆயினும் விழா இந்த வளர்பிறையில் இல்லை. அடுத்த வளர்பிறை வரை தரை நாள்தோறும் கழுவப்படும்; புதிய கன்று ஒன்றை அதற்கு முன் நான் அனுமதியேன், எறும்புகளே சோதிக்கட்டும். இனி நறுங்கரை அரண்மனையில் உண்ணக்கூடிய பொருளன்றி வேறெதுவும் தரையில் படலாகாது. இதை மீறிக் கட்டளையிடுபவர் எந்தப் பதவியில் இருப்பவரானாலும் துலக்குச்சாலை மறுக்கலாம். மறுத்ததற்காக யாரும் தண்டிக்கப்படமாட்டார்கள். இந்த ஆணைக்கும் இந்த ஓலைக்கும் அரச முத்திரை இடப்படுக. ஓலை கொண்டு வருபவனுக்கு எல்லையில் மாற்றுக் குதிரை தரப்படுக. இளவரசரின் நலம் குறித்துத் தாங்கள் அனுப்பும் மறுமொழி எந்த வேளையில் வந்தாலும் என்னை எழுப்பித் தரப்படும். மேற்குன்றத்தின் வாயில்கள் நோயறியாது நிற்க.

மேலே உள்ள முடிவுரையை எழுதி ஓலையைக் கட்டப்போகும் வேளையில் அரசர் வந்து சேர்ந்தார். குதிரையிலிருந்து இறங்கியவர் கால்கூடக் கழுவவில்லை. செத்த கன்றைப் பார்த்தார். கொட்டிலில் கத்தும் பசுவிடம் போய்ச் சற்று நின்றார். மண்டபத்துக்கு வந்தவர், நாங்கள் தடுக்கும் முன் மண்டியிட்டு, விரலைத் தரையில் தேய்த்து நாக்கில் வைத்துக்கொண்டார். புளிக்கிறது என்று மட்டும் சொன்னார்.

முத்திரையிடும் முன் ஓலையை அரசருக்குப் படித்துக்காட்டுவது முறை. படித்தேன். தங்கள் தரையைப் பற்றி நான் கலங்கிய இடம் வந்ததும் அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். சுவரோரம் காவலனுக்குப் பக்கத்தில் நின்ற சாத்தியை நெடுநேரம் பார்த்தார். பிறகு அந்தப் பகுதியைச் சுரண்டாமல் அப்படியே விடச் சொல்லி, தம் மோதிரத்தைக் கழற்றி அரக்கில் அழுத்தியபடி, தங்களுக்கென்று ஒரு வாசகம் சொன்னார். அதை ஒரு சொல்லும் மாற்றாமல் பொறிக்க எனக்கு ஆணை:

"மாமா, உங்க வீட்டுத் தரையில அந்தப் பொடி இல்ல, சாத்தி மாட்டேன்னு சொன்னதால அவளைச் சம்மதிக்க வைக்க நான் சொன்ன பொய் அது."