வயிற்றில் கேட்ட சத்தம்

அன்புள்ள அனுஷாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் ஆவுடைத்தாய் அத்தையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், லைப்சிக்கில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். அப்பாவை எடுத்த அன்று, அத்தைதானே அப்பாவைக் கொன்னா என்று போனில் கேட்டாய். அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அத்தை பக்கத்தில்தான் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

நிமோனியாவுக்குப் போட்ட மருந்துகள் அப்பாவின் குடலில் இருந்த நல்ல கிருமிகளையும் சேர்த்து அழித்துவிட்டன, எந்த மருந்துக்கும் சாகாத ஒரே ஓர் இனம்தான் இப்போது உள்ளே பெருகியிருக்கிறது என்று ஐசியுவில் டாக்டர் ஷில்பா சொன்னார். ஸ்டெதாஸ்கோப்பைத் தந்து, அப்பாவின் வயிற்றில் வைத்து என்னையே கேட்கச் சொன்னார். ஒன்றுமே கேட்கவில்லை மக்ளே. அப்பா படுத்ததும் களகளவென்று சத்தம் போடும் வயிறு, சிறுசில் நீ காதை வைத்துச் சிரிப்பாய். ஆளில்லாத வீடென்றால் எனக்குப் பயமில்லை. இது யாரோ உள்ளே மூச்சடக்கி நிற்கிற வீடு மாதிரி இருந்தது.

அத்தையிடம் இதைச் சொன்னேன். மறுநாள் அவள் ஃபிளாஸ்க்கில் பழங்கஞ்சித் தண்ணீர் கொண்டுவந்து, யாரும் பார்க்காத நேரம் மூக்கு வழியே சாப்பாடு போகும் குழாயில் ஊற்றிவிட்டாள். உள்ள இருந்ததையெல்லாம் கொன்னுட்டானுவ, உசிருள்ளது கொஞ்சம் போட்டும் செல்வி என்றாள். நர்ஸ் ஜெயஷீலா ஓடிவந்து, அய்யோ அம்மச்சி, எந்தா ஈ காட்டியது, என்ன வேலை செய்துவிட்டீர்கள் என்று ஃபிளாஸ்க்கைப் பிடுங்கினாள். நல்ல உடம்புக்கு அது நல்லது, இவருக்குக் குடல் சுவர் சல்லடையாகிவிட்டது, எது போனாலும் ரத்தத்தில் இறங்கலாம் என்றார் டாக்டர்.

அன்று சாயங்காலம் வயிறு சத்தம் போட்டது. ஸ்டெதாஸ்கோப் இல்லாமலே கேட்டது. பாத்தியா, என் தம்பி வந்துட்டான் என்று அத்தை அழுதாள். அப்பா முகத்தில் அசைவே இல்லை, போர்வைக்குக் கீழே அது மட்டும் விடாமல் பேசிக்கொண்டிருந்தது. அப்புறம் காய்ச்சல் ஏறியது, மறுநாள் போய்விட்டார்.

நேற்று டாக்டர் கூப்பிட்டார். சோதனையில் அப்பாவின் ரத்தத்திலிருந்து வளர்ந்த கிருமி கஞ்சியில் உள்ளதல்ல, குடலில் பெருகியிருந்த அதே இனம்தானாம். கஞ்சி ஊற்றுவதற்கு முந்தின நாள் எடுத்த ரத்தத்திலேயே இருந்திருக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அத்தையைக் கூப்பிட்டுப் பேசு, வேறொன்றும் பேச வேண்டாம், சாப்பிட்டியா என்று கேள் போதும். சளி பிடித்தால் நீயாக மருந்து வாங்கித் தின்னாதே. பகவதி உன்னைக் காப்பாள், நோய்நொடி அண்டாமல் நிறைந்து வாழ்வாய்.

அம்மா,
பொன்செல்வி
சாலை, திருவனந்தபுரம்

எழுதி முடித்துவிட்டு, டாக்டர் சொன்னதை அத்தையிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை, நான் ஊத்துனதுதான் அவனைக் கொண்டுபோச்சு என்றாள்.